தெளியும்போதுதான் பேய் வருகிறது

கேள்வி இது: “அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் ‘கறுப்புப் பூனை’ படித்தேன். குடித்துச் சீரழிந்த ஒருவன் மனைவியைக் கொல்கிறான், மாட்டிக்கொள்கிறான். குடி கெடுக்கும் என்று சொல்லும் கதைதானே இது? இதை ஏன் கோதிக் (இருண்ட மாளிகை, பேய், பயங்கரம் என்று போகும் திகில் கதை வகை) என்று கொண்டாடுகிறார்கள்? அந்த வகைக் கதைகளில் குடி ஏன் இத்தனை தடவை வருகிறது?”

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கல்லூரியில் முதல் தடவை படித்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன்: குடியைப் பழிக்க ஒரு கதை, பயமுறுத்த ஒரு பூனை. பல தடவை படித்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மனைவியின் தலையில் கோடரி இறங்கும் நேரத்தில் அவன் குடித்திருந்ததாகக் கதையில் ஒரு வரிகூட இல்லை. ஜின், ஒயின் எல்லாம் முன்பாதியோடு சரி. கடைசியாக மது வருவது ஒரு இழிந்த மதுக்கடையில். முதல் பூனையைக் கொன்ற பிறகு இரண்டாவது பூனையை அவன் பார்ப்பது அங்கேதான். அது உட்கார்ந்திருப்பதே ஒரு பெரிய மதுப் பீப்பாயின் மேல். அந்த இடத்தோடு மது கதையை விட்டே போய்விடுகிறது. கொலை அதற்குப் பிறகு நடக்கிறது.

ஆக, ‘குடித்தான், அதனால் கொன்றான்’ என்று கதையைச் சுருக்க முடியாது. குடி அங்கே வேறு ஒரு வேலை செய்கிறது.

குடித்தவனைப் பற்றி நாம் ‘தன்னிலை மறந்து கிடந்தான்’ என்கிறோம். இலக்கணத்தில் தன்மை என்றும் தன்னிலை என்றும் சொல்வது ‘நான்’ என்று பேசுகிறவனுடைய இடம். எதிரே இருப்பவர் முன்னிலை, மற்றதெல்லாம் படர்க்கை. ராத்திரி கை நீட்டியவன் காலையில் என்ன சொல்கிறான்? ‘நான் அடித்தேன்’ என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ‘போதையில நடந்துபோச்சு’ என்கிறான். அவனைப் பெற்றவளும் ‘அவன் பேசல, உள்ளே போன சரக்கு பேசுது’ என்று சமாதானம் சொல்கிறாள். கை அதே கைதான். வாக்கியத்தில் எழுவாய் மட்டும் மாறிவிட்டது. கோதிக் எழுத்தாளர்கள் கைவைத்தது இந்த இடத்தில்தான். இப்படித் தட்டிக்கழிக்கப்பட்ட ‘நான்’ எங்கே போகிறது? அது காணாமல் போவதில்லை என்பதுதான் அவர்களுடைய பதில். ஒற்றைக் கண் பூனையாக வருகிறது, தன்னைப் போலவே உடுத்திய இன்னொருவனாக வருகிறது, படுக்கையில் கிடக்கும் மயிர் அடர்ந்த ஒரு கையாக வருகிறது.

வரும் நேரமும் முக்கியம். போதை இறங்குவதை நாம் ‘தெளிவது’ என்கிறோம். கலங்கிய தண்ணீர் தெளிந்தால் அடியில் கிடப்பது தெரியும். இந்தக் கதைகளின் பெரிய பயங்கரங்கள் பெரும்பாலும் குடித்திருக்கும்போது நடப்பதில்லை, தெளியும்போது நடக்கின்றன. அந்தக் காலத்து மருத்துவமும் இதைத் தெரிந்துவைத்திருந்தது. 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் டெலிரியம் ட்ரீமென்ஸ் என்று ஒரு நிலைக்குப் பெயர் வைத்தார். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்; பூச்சிகளும் சின்னச் சின்ன மிருகங்களும் ஊர்வது போல இருக்கும். நிறுத்திய பிறகு வரும் நோய் அது.

இனி ‘கறுப்புப் பூனை’க்கு வருகிறேன். இது வெளியானது 1843 ஆகஸ்டில். அந்தக் காலத்து அமெரிக்காவைத் தெரிந்துகொண்டால்தான் போ செய்த வேலை புரியும். 1830 வாக்கில் அங்கே வயது வந்த ஒருவர் வருடத்துக்குக் குடித்த சுத்தமான ஆல்கஹாலின் சராசரி ஏறக்குறைய 7 காலன், அதாவது 26 லிட்டருக்கு மேல் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த பதினைந்து வருடத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மதுவிலக்கு இயக்கங்களின் பலம் அப்படி. அவற்றில் ஒன்று விசேஷமானது. 1840இல் பால்டிமோரில் ஒரு மதுக்கடையில் வழக்கமாகக் கூடிய ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி எடுத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாஷிங்டோனியர்கள் என்று பெயர். பாதிரியார்களின் பிரசங்கம் அங்கே இல்லை. குடித்தவனே கூட்டத்தில் எழுந்து நின்று, நான் இப்படி இருந்தேன், பெண்டாட்டி பிள்ளைகளை இப்படிப் படுத்தினேன், இப்போது விட்டுவிட்டேன் என்று சொல்வான். கூட்டம் அழும், இன்னும் பத்துப் பேர் வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

இந்தக் கூட்டங்களின் சாயலில் ஏராளமான கதைகள் வந்தன. சட்டகம் ஒன்றுதான்: நல்ல பையன், கல்யாணம், முதல் கோப்பை, வறுமை, அடிதடி, எரிந்துபோன வீடு, தூக்குமேடை. போவின் கதையில் இவை அத்தனையும் ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கின்றன. அவன் சின்ன வயதில் சாது, பிராணிகள் மேல் உயிர். சீக்கிரமே கல்யாணம். அப்புறம் குடி. பூனையின் கண், பூனையின் கழுத்து, வீடு, மனைவி, கடைசியில் தூக்கு. படித்த அன்றைய வாசகருக்கு இது பழகிய தடம் என்றே தோன்றியிருக்கும். போ அந்தத் தடத்திலேயே நடத்திக்கொண்டு போய், அது வழக்கமாகப் போய்ச் சேரும் இடத்துக்கு மட்டும் போகவிடாமல் செய்கிறார்.

முதலில், கேட்பதற்கு ஆள் இல்லை. வாஷிங்டோனியன் கூட்டத்தின் முன்னால் நின்று பேசினான். இவன் சிறையில், நாளைக்குச் சாகப்போகிறவன், தாளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நடந்ததை ‘வீட்டில் நடந்த வெறும் சம்பவங்கள்’ என்று அறிமுகப்படுத்துகிறான். ஒரு கண், ஒரு பூனை, ஒரு வீடு, ஒரு மனைவி. எல்லாம் அவனுக்கு வீட்டுச் சம்பவம்.

அப்புறம் அந்தக் காலைப் பொழுது. ராத்திரி குடித்துவிட்டு வருகிறான். பூனை தன்னைத் தவிர்ப்பதாகத் தோன்றுகிறது. பிடிக்கிறான், பயத்தில் அது லேசாகக் கடிக்கிறது. சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, கழுத்தைப் பிடித்து, ஒரு கண்ணை நிதானமாகத் தோண்டுகிறான். அந்த ராத்திரியில் உள்ளே இருந்ததற்கு அவன் வைக்கும் பெயர் பிசாசின் வெறி, ஜின் ஊட்டி வளர்த்த கேடு. தன்னுடைய ஆத்மாவே அப்போது உடம்பை விட்டுப் பறந்துபோனது போலிருந்தது என்கிறான். நாம் பார்த்த அதே எழுவாய் மாற்றம். ஆனால் விடிகிறது, தூங்கி எழுந்து தெளிகிறான். அப்போது என்ன உணர்ந்தான்? பாதி திகில், பாதி குற்ற உணர்ச்சி. அதுவும் பலவீனமான, இரண்டுங்கெட்டான் உணர்ச்சி. ஆத்மாவை அது தொடவே இல்லை என்று அவனே சொல்கிறான். உடனே மறுபடி குடிக்கிறான், செய்ததன் நினைவை ஒயினில் மூழ்கடிக்கிறான்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இருந்த அண்ணன் ஞாபகம் வரும். ராத்திரி குடித்துவிட்டு வந்தால் கையில் கிடைத்த பாத்திரத்தைத் தெருவில் எறிவார். விடிந்ததும் அண்ணி எழுவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து, நெளிந்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குவார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். எங்களுக்கு அந்தச் சத்தத்தில்தான் பொழுது விடியும். குடம் ஏறக்குறைய நேராகிவிடும். ‘ராத்திரி நான் எறிந்தேன்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வீட்டுத் தவலை, குடம் எல்லாவற்றிலும் உள்ளங்கை அளவு வடுக்கள் இருந்தன. போ சொல்லும் பாதி உணர்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்கு அதை வைத்துத்தான் புரிந்தது. அது பொய்யான வருத்தம் இல்லை. அண்ணன் உண்மையாகவே நொந்துபோயிருப்பார். ஆனால் அந்த வருத்தம் குடத்தோடு நின்றுவிடும்.

மதுவிலக்குக் கதை என்றால் இந்தக் கட்டத்தில் ஒன்று அவன் திருந்தவேண்டும், இல்லை மேலும் குடித்து அழியவேண்டும். போ மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவருகிறார். ஒருநாள் காலையில், நிதானமாக, அவன் பூனையின் கழுத்தில் சுருக்குப் போட்டு மரத்தில் தொங்கவிடுகிறான். கண்ணில் தண்ணீர் வழிகிறது. அது தன்னை நேசித்தது என்று தெரிந்தே தொங்கவிடுகிறான். செய்வது பாவம் என்று தெரிவதாலேயே செய்கிறான். தவறு என்று தெரிந்ததாலேயே தவறைச் செய்யத் தூண்டும் ஒன்று மனிதனுக்குள் ஆதியிலிருந்து இருக்கிறது என்று அதற்கு ஒரு தத்துவமும் பேசுகிறான். இந்த இடத்தில் மதுவின்மேல் பழி போட வழியே இல்லை. பிரசங்கம் செய்ய வந்தவருக்கு இது கொஞ்சமும் உதவாது. மதுவை எடுத்துவிட்டால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்ற நம்பிக்கையின் அடியிலேயே போ கை வைத்துவிட்டார்.

பின்பாதி இன்னும் இறுக்கமானது. இரண்டாவது பூனைக்கும் ஒரு கண் இல்லை. மார்பில் ஒரு வெள்ளைத் திட்டு. நாளாக ஆக அது தூக்குமரத்தின் வடிவம் எடுக்கிறது. ராத்திரியில் மார்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் மூச்சு விடுகிறது. முன்பு நினைவை மூழ்கடிக்க ஒயின் இருந்தது, இப்போது அது கதையில் இல்லை. நினைவோ நெஞ்சின் மேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் மனைவியோடு நிலவறைக்குப் போகும்போது பூனை காலில் இடற, கோடரியை அதன்மேல் ஓங்குகிறான். தடுத்த மனைவியின் தலையில் இறக்குகிறான். பிணத்தைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுகிறான். பூனையைக் காணோம். அன்று ராத்திரி, கொலை செய்த பாரத்தோடும் நிம்மதியாகத் தூங்கினேன் என்கிறான். முன்பு ஒயின் செய்த வேலையை இப்போது சுவர் செய்கிறது. கதையில் எனக்கு மிகவும் பயமான வரி அதுதான், கடைசியில் வரும் அலறல்கூட அடுத்ததுதான்.

அலறலையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது நாள் போலீஸ் வந்து தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் கிளம்புகிறது. அவனோ சுவர்கள் எவ்வளவு உறுதி பாருங்கள் என்று சொல்லி, பிணம் இருக்கும் அதே இடத்தில் கைத்தடியால் தட்டுகிறான். உள்ளேயிருந்து குழந்தை விம்முவது போல ஒரு சத்தம் தொடங்குகிறது. பூனையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறான். தட்டச் சொன்னது யார்? யாரும் இல்லை. போதையும் இல்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? பூனைக்குப் பெயர் உண்டு, புளூட்டோ. மனைவிக்குக் கதை முழுக்கப் பெயர் இல்லை. குற்ற உணர்ச்சி பற்றி இத்தனை பேசும் ஒருவன் தான் கொன்றவளின் பெயரைச் சொல்லவில்லை.

போவே குடிகாரர், அதனால் இப்படி எழுதினார் என்று இந்தக் கதையை முடித்துவைப்பார்கள். எனக்கு அந்த வாசிப்பு பிடிப்பதில்லை. அவர் குடித்தார், உண்மை. விட்டுவிட்டுக் குடித்தார், கொஞ்சம் குடித்தாலே தலைகீழாகிவிடுவார் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். மனைவி வர்ஜீனியா 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருக்கும்போது ரத்தம் கக்கினார். ஐந்து வருடம் பிழைப்பதும் மோசமாவதுமாக இழுத்து 1847 ஜனவரியில் இறந்தார். அடுத்த வருடம் போ எழுதிய ஒரு கடிதத்தில், அந்த வருடங்களில் தனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது, இடையிடையே நீண்ட, பயங்கரமான தெளிவு வந்துபோனது என்கிறார். எதிரிகள் குடியால் பைத்தியம் என்றார்கள், உண்மையில் பைத்தியத்தால் குடி என்கிறார். அந்த ‘பயங்கரமான தெளிவு’ என்ற சொல்லுக்காகத்தான் கடிதத்தை இழுத்தேன். போதையைப் பயங்கரம் என்று சொல்லவில்லை அவர், தெளிவைச் சொல்கிறார். 1849 ஆகஸ்டில் ரிச்மண்டில் ஒரு மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து உறுதிமொழி எடுத்தார். அக்டோபர் 3ஆம் தேதி பால்டிமோரில், யாருடையதோ உடையில், சுயநினைவு தடுமாறிய நிலையில் கிடைத்தார். 7ஆம் தேதி இறந்தார். வயது 40.

அவருடைய வேறு இரண்டு கதைகளில் தெளியும் கணம் இன்னும் கூர்மையாக வருகிறது. 1839இல் வந்த ‘வில்லியம் வில்சன்’ கதையில் நாயகனுக்கு அதே பெயரில், அதே உருவத்தில், அதே நாளில் பிறந்த ஒருவன் பள்ளியில் வந்து சேர்கிறான். அந்தப் பிறந்தநாள், ஜனவரி 19, போவுடையது. பிறகு ஒரு ராத்திரி, ஈட்டன் பள்ளியில் ரகசியமாகக் குடித்துக் கும்மாளம் போடும்போது, யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தள்ளாடிக்கொண்டு வெளியே போகிறான். அரையிருட்டில் தன்னைப் போலவே உடுத்திய ஒருவன் அவன் கையைப் பிடித்து, காதோடு ‘வில்லியம் வில்சன்’ என்று மட்டும் சொல்கிறான். அந்தக் கணமே முழுக்கத் தெளிந்துவிட்டது என்கிறான். திட்டவில்லை, மிரட்டவில்லை. பெயரைச் சொன்னான், அவ்வளவுதான். பெயரைவிட்டு ஓடுகிறவனுக்கு அது போதும்.

1846இல் வந்த ‘அமோன்டிலாடோ பீப்பாய்’ நேர்மாறு. குடித்திருப்பவன் சாகப்போகிறவன். மான்ட்ரெசார் தன் பகையாளி ஃபார்ச்சுனாட்டோவை அமோன்டிலாடோ என்ற அபூர்வ ஒயின் காட்டுவதாக நிலத்தடிக் கல்லறைகளுக்கு அழைத்துப் போய், வழியெல்லாம் ஊற்றிக்கொடுத்து, ஒரு மாடத்தில் சங்கிலி போட்டுவிட்டுக் கல் அடுக்கத் தொடங்குகிறான். முதல் வரிசை வைத்து முடிப்பதற்குள் உள்ளே போதை தெளிந்துவிட்டது தெரிகிறது. ஒரு முனகல் கேட்கிறது, அது குடித்தவனின் முனகல் இல்லை. மொத்தம் பதினொரு வரிசை. கடைசிக் கல்லை வைக்கும் நேரத்தில் மான்ட்ரெசாருக்கு நெஞ்சு என்னவோ செய்கிறது. உடனே காரணமும் சொல்லிவிடுகிறான்: அந்த இடத்து ஈரம். ஐம்பது வருடம் கழித்து இதைச் சொல்கிறான். ஐம்பது வருடமாக அந்த ஈரத்தின்மேல்தான் பழி.

அடுத்தது ஸ்டீவன்சன், 1886 ஜனவரியில் வந்த ‘டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்’. மரியாதைக்குரிய டாக்டர் ஜெகில், தன்னுடைய கெட்ட பாதியான ஹைட் என்ற இன்னொருவனாக மாறக் குடிப்பது மருந்துதான். ஆனால் முதல் தடவை ஹைடாக மாறியதும், தான் பத்து மடங்கு கெட்டவன் என்ற நினைப்பே ஒயின் போல உற்சாகம் தந்தது என்கிறார். நான் இதைக் குடி பற்றிய கதை என்றே படிக்கிறேன், அதுவும் அடிமைப்பழக்கத்தின் நடைமுறையை மருத்துவர்களுக்கு நிகராகத் தெரிந்தவர் எழுதியது. ஒருநாள் தூக்கத்திலிருந்து எழும்போது போர்வைமேல் கிடக்கும் கை தன்னுடையது இல்லை என்று பார்க்கிறார். மெலிந்து, நரம்பு புடைத்து, மயிர் அடர்ந்த கை. மருந்து குடிக்காமலே மாறியிருக்கிறார். பயந்துபோய் ஹைடை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கிறார். ஆனால் ஹைடுக்காகச் சோஹோவில் எடுத்த வீட்டைக் காலி செய்யவில்லை, ஹைடின் துணிகளையும் எரிக்கவில்லை. குடியை நிறுத்தியதாகச் சொல்லிவிட்டு பீரோவுக்குப் பின்னால் ஒரு பாட்டிலை விட்டுவைப்பவர்களைப் பார்த்திருந்தால் இந்த வரி எவ்வளவு உண்மை என்று தெரியும். இரண்டு மாதம் மிகக் கண்டிப்பான வாழ்க்கை. அப்புறம் ஒரு பலவீனமான நேரத்தில் மறுபடி குடிக்கிறார். கூண்டில் நெடுநாள் அடைபட்டிருந்த பிசாசு கர்ஜித்துக்கொண்டு வெளியே வந்தது என்கிறார். அன்றுதான் ஹைட் ஒரு கொலை செய்கிறான்.

கதையின் கடைசிப் பகுதியில் கணக்கு தலைகீழாகிறது. ஆரம்பத்தில் ஹைடாக மாற மருந்து வேண்டும்; இப்போது ஜெகிலாக இருக்க மருந்து வேண்டும். சந்தோஷத்துக்குத் தொட்டது, சாதாரணமாக நிற்பதற்கே தேவைப்படுகிறது. ரீஜன்ட் பூங்காவில் வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களைவிட நான் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாறிவிடுகிறார். அதற்குப் பிறகு ஹைட் ஒரு ஓட்டல் அறையில் நாள் முழுக்கத் தீக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி வண்டியில் கிளம்பியதைச் சொல்லும்போது வாக்கியம் இடறுகிறது: அவன் என்கிறேன், நான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தன்னிலையிலிருந்து படர்க்கைக்கு ஒருவன் போவதை இதைவிட நேராக எழுத முடியாது. முன்பு ஜெகில் இதை ஒரு வசதியாகவே வைத்திருந்தார். குற்றம் செய்தது ஹைட் மட்டும்தானே, ஜெகில் காலையில் எழும்போது பழைய நல்லவராகத்தானே இருக்கிறார் என்று. கேட்டது கிடைத்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் குடித்தவன் வாய்ப்பேச்சு. அடிபட்டவள் பேசினால் எப்படி இருக்கும்? 1848இல் ஆங்கில எழுத்தாளர் ஆன் பிரான்டி, ஆக்டன் பெல் என்ற ஆண் பெயரில் ‘வைல்ட்ஃபெல் ஹாலின் குடித்தனக்காரி’ நாவலை வெளியிட்டார். அவருடைய அண்ணன் பிரான்வெல் குடியிலும் அபினிலும் வீட்டிலேயே அழிந்துகொண்டிருந்த காலம்; அதே வருடம் செப்டம்பரில் 31 வயதில் இறந்தான். நாவலின் நடுப்பகுதி முழுக்க ஹெலன் என்ற மனைவியின் நாட்குறிப்பு. கணவன் நண்பர்களோடு சேர்ந்து தன் சின்னப் பையனுக்கே ஒயின் குடிக்கவும் கெட்ட வார்த்தை பேசவும் சொல்லித்தருகிறான். ஹெலன் பின்னால் பையனுக்கு ஒயின் கொடுக்கும்போது அதில் குமட்டல் வரவைக்கும் மருந்தைக் கொஞ்சம் கலக்கிறாள், அந்த வாசனையே அவனுக்கு ஆகாமல் போகட்டும் என்று. ஒரு தாய் அந்த அளவுக்குப் போகவேண்டியிருக்கிறது. இந்த நாவலில் கோதிக் கட்டடம் தலைகீழாக நிற்பதைப் பாருங்கள். பாழடைந்து காற்று ஊளையிடும் பழைய மாளிகைதான் அவள் பையனோடு தப்பி வந்து ஒளிந்திருக்கும் இடம், பத்திரமான இடம். பயங்கரம் இருந்தது விளக்கும் விருந்தும் நிறைந்த கணவன் வீட்டில். ஆன் இறந்த பிறகு அக்கா ஷார்லட் இந்த நாவலை மறுபடி அச்சிடவேண்டாம் என்று நினைத்தார். எடுத்த விஷயமே தவறு என்பது அவர் எண்ணம். எனக்கு அதில் வருத்தம்தான். போவின் கதையில் பெயர்கூட இல்லாமல் சுவருக்குள் போனவள் இங்கே முந்நூறு பக்கம் பேசுகிறாள்.

நம் காலத்துக்கு வந்தால் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவல், 1977. ஜாக் டாரன்ஸ் குடித்த வெறியில் தன் சின்னப் பையனின் கையை உடைத்தவன், அதன் பிறகும் கொஞ்ச காலம் குடித்துவிட்டு ஒருவழியாக நிறுத்தியவன். கொலராடோ மலையில் பனியால் மூடிய ஓட்டலுக்குக் குளிர்காலக் காவலாளாகக் குடும்பத்தோடு போகிறான். அந்த ஓட்டலில் ஒரு சொட்டு மது இல்லை, பாரில் அலமாரிகள் காலி. அவன் தலைவலி மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்றுகொண்டு திரிகிறான். கீழ்த்தளத்தில் ஒரு பழைய கொதிகலன்; அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், தினமும் இறக்கிவிடவேண்டும். குடியை நிறுத்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் ஒருவனுக்கு அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அவனைப் பிடிக்க வரும் பேய்கள் முதலில் நீட்டுவது ஒரு கோப்பை. கூடவே ஒரு நியாயமும் நீட்டுகின்றன: தப்பு உன்மேல் இல்லை, உன் பெண்டாட்டிமேல், உன் பிள்ளைமேல். அப்போது தான் குடிகாரன் என்பதோ, தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பதோ தெரியாமலே எழுதியதாகக் கிங் 2000இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார்.

கிங் குடியை விட்டது 1980களின் கடைசியில். 2013இல் அந்தப் பையன் டேனியின் கதையை ‘டாக்டர் ஸ்லீப்’ என்று எழுதினார். டேனியும் அப்பாவைப் போலவே குடிக்கிறான். ஒருநாள் காலையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டில் விழிக்கிறான். அவள் தூங்குகிறாள். டயப்பர் கட்டிய குழந்தை ஒன்று தள்ளாடி வந்து, மேசைமேல் கிடந்த போதைப்பொடியை மிட்டாய் என்று நினைத்துக் கை நீட்டுகிறது. டேனி பொடியை எட்டாத இடத்தில் வைக்கிறான். அப்புறம் அவள் பர்சிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஓட்டல் பேய்களை அவன் மனதுக்குள் பெட்டியில் போட்டுப் பூட்டக் கற்றவன். இந்தக் காலைப் பொழுதைப் பூட்ட முடியவில்லை. பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை, குடியை விட்ட பிறகும்.

1840இல் பால்டிமோரில் அந்த ஆறு பேர் தொடங்கிய மாதிரியான கூட்டம் 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று மறுபடி பிறந்தது. அப்படி ஒரு கூட்டத்தில், குடியை விட்ட பதினைந்தாவது வருடத்தில் டேனி எழுந்து நின்று அதைச் சொல்கிறான். நான் பணத்தை எடுத்தேன், நான் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வந்தேன் என்று, ஒரு இடத்திலும் ‘போதை’யை எழுவாயாக வைக்காமல். சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறான். யாரும் அருவருக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை; இதைவிட மோசமானதை எல்லாம் கேட்டவர்கள். சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். யாருக்கோ பசியில் வயிறு கடமுடவென்கிறது.